பழைய ஃபைல் இருக்கட்டுமா?

மீட்டிங் அறை மேசையில் ஒரு தோல் துண்டு கிடந்தது. பையின் முன்பக்கத்துக்கு வெட்டியது. தையலுக்கு ஓரம் விடாமல் வெட்டியதால் எதற்கும் ஆகாமல் போனது. தாராவியில் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவர் அதைக் கொண்டுவந்து போட்டு, "உங்க அப்டேட் பண்ணுன வேலைய நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த, என்னோடு வேலை பார்த்த அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்க்கவில்லை.

மும்பை செம்பூரில் இருந்த அந்தச் சின்ன கம்பெனியில் தமிழ் பேசியது நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா தாராவி, திருநெல்வேலிப் பேச்சு. நான் மாட்டுங்கா, வசதியான தமிழர்கள் இருக்கும் பக்கம். என் தமிழைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு. "மாட்டுங்கா தொரை வந்துட்டாரு" என்பார். நான் பில்ட் செய்து, அதாவது புரோகிராமை நிறுவும் வடிவில் கட்டி, கொடுப்பதை அவர் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே போகும். கான்ட்ராக்டில் இருந்தார், அந்த மாதம் பெர்மனென்ட் ஆகவேண்டியது. வீட்டில் சம்பளம் வாங்குவது அவர் ஒருவர்தான். இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும்.

எங்கள் மென்பொருள் தோல் வெட்டும் பட்டறைகளுக்கானது. ஓரம் எவ்வளவு விடவேண்டும், எந்தத் தோலுக்கு எந்தக் கத்தி என்பதையெல்லாம் ஒவ்வொரு பட்டறையும் தன் கைப்பழக்கப்படி ஒரு கன்ஃபிக் ஃபைலில் எழுதி வைத்திருக்கும். மேக்கிலும் லினக்ஸிலும் அந்த ஃபைல் பயனரின் சொந்த ஃபோல்டரில் இருந்தது. ஏற்கெனவே இருந்தால் எங்கள் பில்ட் அதைத் தொடாது. விண்டோஸில் மட்டும் நான் அதை புரோகிராமோடு சேர்த்தே கட்டி அனுப்பிக்கொண்டிருந்தேன். புதியது இறங்கினால் பட்டறைக்காரர் எழுதியதெல்லாம் அழிந்து எங்கள் அளவுகள் வந்து உட்காரும். சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை. தாராவியில் எல்லாரும் வைத்திருந்தது விண்டோஸ்.

ரிலீஸ் அன்று மத்தியானம் அக்கா தன் இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். "ஏ தம்பி, வெண்டோஸ்ல புதுசு ஏத்தும்போது அவுங்க பழைய ஃபைலு இருக்கட்டுமா?"

காதில் ஹெட்ஃபோன். அரைகுறையாகக் கேட்டது. "இருக்கட்டும்க்கா" என்றேன்.

அந்த வார்த்தையைத் தமிழர்கள் நாம் இப்படிப் பாழாக்குவோம். காபி வேண்டாம் என்பதற்கும் இருக்கட்டும். இந்த நாற்காலி இங்கேயே கிடக்கட்டும் என்பதற்கும் இருக்கட்டும். ஃபைலை அப்படியே விட்டுவைக்கும்படி பில்டை மாற்றிவிடுகிறேன் என்று நான் சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார். மறுபடி ஒருமுறை ஏற்றிப் பார்க்காமல், பழைய ஃபைல் அப்படியே இருக்கும் என்று சோதனைத் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். நான் எந்த அர்த்தத்தில் சொன்னேன்? சத்தியமாக, ஒரு அர்த்தத்திலும் இல்லை. தொந்தரவு பண்ணாதீர்கள் என்பதற்குப் பதிலாகச் சொன்னது.

மீட்டிங்கை நடத்திய மேலாளர் மராட்டிக்காரர். "இவன்தான் பழைய ஃபைல் இருக்கட்டும்னு சொன்னான்" என்று அக்கா ஹிந்தியில் சொன்னதும் அவர் என் பக்கம் திரும்பினார். அக்கா தமிழில் என்ன கேட்டார், நான் தமிழில் என்ன சொன்னேன், அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். இருக்கட்டும் என்பதற்கு நேரான ரெஹ்னே தோ என்று சொல்லியிருக்கலாம். ஹிந்தியிலும் அதற்கு இதே இரண்டு அர்த்தமும் உண்டு. மேலாளரே குழம்பி, தப்பு இரண்டு பேர் மேலும் சரிபாதி விழுந்திருக்கும். நான் "பாத் மே தேகேங்கே" என்றேன். பிறகு பார்க்கலாம் என்று சொன்னதாக. அந்த ஒரு வரியோடு, பார்க்காமல் கையெழுத்துப் போட்ட தப்பு முழுக்க அக்கா மேல் விழுந்தது.

அக்காவுக்கு என்னைவிட நல்ல ஹிந்தி தெரியும். மறுப்பார் என்று காத்திருந்தேன். அவர் தோல் துண்டின் ஓரத்தை விரலால் ஒருமுறை தடவினார், அவ்வளவுதான். அந்த வாரத்தோடு அவரை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை, பயம் வரவில்லை, நிம்மதிகூட வரவில்லை. கேன்டீனில் வடாபாவ் வாங்கிச் சாப்பிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் உள்ளே எதுவும் அசைவதில்லை. சே, மனுஷனா நான் என்று சொல்லிப் பார்க்கிறேன். அதுவும் யாரோ யாரையோ திட்டுவது மாதிரித்தான் கேட்கிறது.

இப்போது வேறு கம்பெனியில் என் கீழே ஆறு பேர் பில்ட் வேலை செய்கிறார்கள். நாங்கள் அனுப்பும் சாம்பிள் ஃபைல் தனிப் பெயரில் தனியாக இறங்கவேண்டும், பயனர் கை வைத்த ஃபைலை எந்த சிஸ்டத்திலும் தொடக்கூடாது என்பது நான் போட்ட விதி. அதற்காக என்னைப் பாராட்டுகிறார்கள்.

போன மாதம் செம்பூர் பஸ் ஸ்டாப்பில் அக்காவைப் பார்த்தேன். ஒரு கூரியர் ஆபீஸில் டைப் பண்ணுகிறாராம். என் அம்மாவை விசாரித்தார், எனக்கு முடி கொட்டிவிட்டது என்று கிண்டல் பண்ணினார். மீட்டிங் பற்றிப் பேச்சே இல்லை. தூரத்தில் பஸ் தெரிந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டார்:

"அந்த வெண்டோஸ் பில்டை அப்புறமாச்சும் சரி பண்ணுனியா?"

"மறுநாளே பண்ணிட்டேன்க்கா. ஒரு வரிதான் வேண்டியிருந்தது."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அக்கா பஸ்ஸுக்குக் கை காட்டினார்.

"ஆமா தம்பி," என்றார். "ஒரு வரிதான்."