தேசப்பனின் வெறுங்கை யாத்திரை

"மூட்டை கட்றவன் நடக்கப் போறவன் இல்லடா, குடி பெயரப் போறவன்! நம்ம கதை வேற. திருத்தணில கைய வீசிக்கினு கிளம்பினா திருப்பதில போய்தான் நிறுத்துவேன்."

யுத்த காலத்துப் புரட்டாசி ஒன்றில் டீக்கடை பெஞ்சிலிருந்து தேசப்பன் அருளிய வாக்கு இது. ஊர் இதை மறக்கவில்லை. அவரும் மறக்க விடவில்லை. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் அப்போது கரி தின்று ஓடின. மேடு வந்தால் டிக்கெட் வாங்கியவர்களே இறங்கித் தள்ள வேண்டும். ஆகவே நடப்பவனைப் பைத்தியம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

தேசப்பனுக்கு இரண்டு காணி நிலம் சொந்தம். கற்பனை அதைவிட அதிகம். ஆனால் யாத்திரை அவர் கற்பனையில் பிறந்ததல்ல. மகள் அம்மு காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது, நடந்தே வந்து முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டவள் அவர் மனைவி ரஞ்சிதம். அம்மு எழுந்து ஓடியாடத் தொடங்கி இரண்டு புரட்டாசி போய்விட்டது. ஒரு வருஷம் நடவு தடுத்தது, மறு வருஷம் மழை. இந்த முறையும் தவறினால் சாமி முகத்தில் எப்படி விழிப்பது என்று அவள் அடுப்படியில் அழுததும் உண்டு.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் முழுக்க தேசப்பன் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து, கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். நகரி மலையின் மூக்கு மஞ்சில் மிதந்து வரும். சாலைப் புளியமரங்கள் தலையசைத்து வழிவிடும். கால் தரையில் பாவாது. காற்றில் எங்கிருந்தோ துளசி மணக்கும். அந்த நடையில் அவருக்கு ஒருநாளும் வியர்த்ததில்லை.

"ரஞ்சிதம், புத்தூராண்ட மழை புடிச்சிக்கிச்சு."

"இங்க வெயில் கொளுத்துது பாவா."

"அங்க பேயுதுமே! தாழங்குடை ஒண்ணு எடுத்து வை. உன் மூட்டையில வை. நான் வெறுங்கை."

மழை விட்டதும் குளிர்ந்தது. கம்பளி உள்ளே போயிற்று. மலையடிவாரத்து அலிபிரியில் முள் தைத்தது. முள்வாங்கியும் விளக்கெண்ணெயும் போயின. ஏதோ ஒரு வளைவில் நரி முறைத்தது, அரிக்கேன் விளக்கு. மலை உச்சியில் வெந்நீர் கேட்டது உடம்பு, பித்தளைக் கூஜா.

"இட்லிப் பானையும் வெச்சிரட்டுமா பாவா?"

"அது வேணாம். கனக்கும்" என்றார் துறவி, கண் திறக்காமலே.

இதில் வஞ்சகம் ஏதுமில்லை. பெண்டாட்டி மூட்டையில் இருப்பது சுமையில் சேராது என்பது அவர் குடித்தனத்தின் சாஸ்திரம்.

புறப்படும் நாள் விடியலில் யாத்திரைக் கூட்டம் ஊர்ப் பொய்கைக் கரையில் கூடியது. கூட்டத் தலைவர் பஞ்சாட்சரம். பெயர் சிவனுடையது, தொண்டை கோவிந்தனுடையது. அவர் வைத்த வழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் தம் மூட்டையைத் தலையில் ஏற்றி, கோவிந்தா பாடியபடி பொய்கையை ஒரு சுற்று வரவேண்டும். பாட்டு அறுந்தால் ஆள் ஊரிலேயே நிற்க வேண்டியதுதான்.

தேசப்பன் கைவீசிச் சுற்றி வந்தார். தேர் வருவதுபோல இருந்தது. அடுத்து ரஞ்சிதம். பாதிச் சுற்றில் அவள் கழுத்து நடுங்கியது, "கோவிந்" என்றதோடு நின்றுபோனாள். பஞ்சாட்சரம் ஓடிப்போய் மூட்டையை இறக்கினார்.

"இன்னாம்மா இது, சீதனமா? பிரிச்சு பாதிய வூட்டுக்கு அனுப்பு. இல்லாங்காட்டி வர்ற வருஷம் பாத்துக்கலாம்."

பிரித்தால் எல்லோர் முன்னும் என்னென்ன வெளியே வரும் என்று அவளுக்குத் தெரியும். முடிச்சை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்தது. தேசப்பன் பக்கம் அவள் திரும்பவில்லை.

தேசப்பன் சற்று நேரம் நகரிப் பக்கத்து மஞ்சைப் பார்த்தார். அங்கே இப்போது புளியமரம் எதுவும் தலையசைக்கவில்லை. வந்தார், குனிந்தார், மூட்டையைத் தூக்கித் தம் தலையில் வைத்துக்கொண்டார்.

"இன்னா தேசப்பா, வெறுங்கை இன்னா ஆச்சு?"

"பாட்டு எடு நைனா."

சுற்று மறுபடி தொடங்கியது. வேட்டி மடிப்பில் கால் தடுக்க, தேசப்பன் மெல்ல நடந்தார். பாதிக் கரை தாண்டும்போதே அவர் வாய் அசைந்ததே தவிர ஒலி வரவில்லை. ஆனால் கோவிந்தா அறுபடவில்லை. ரஞ்சிதம் அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டி வந்தபடி, இரண்டு பேருக்கும் சேர்த்துப் பாடிக்கொண்டிருந்தாள்.