அந்த வரி எந்தப் பக்கத்தில்

எங்கள் வாசிப்பு வட்டம் மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், துறைமுக வீதியில் ஒரு மாடி அறையில் கூடும். ஓய்வுபெற்றவர்கள்தான் அதிகம். போன வருடக் கடைசியில், வட்டத்தை நடத்தும் டொக்டர் ஒரு நோர்வே நாடகத்தின் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பைப் பிரதி எடுத்துக்கொண்டு வந்தார். வெளிநாட்டில் இருக்கும் அவருடைய மகள் அனுப்பிய புத்தகம். மனைவியைச் செல்லம் கொஞ்சியே வைத்திருக்கும் ஒரு கணவன், அந்தச் செல்லத்தில் மூச்சு முட்டிக் கடைசியில் வீட்டை விட்டுப் போகும் மனைவி. நூறு வருடத்துக்கு மேலாக உலகமெங்கும் மேடையேறும் நாடகம் அது.

அதன் பழைய மொழிபெயர்ப்பொன்றை நான் இளவயதில் படித்திருந்தேன். அதில் கணவன் தேவாலயத்தில் பிரசங்கம் வைப்பவனைப் போலப் பேசுவான். புதியதில், வேலையால் வந்து குசினி வாசலில் நின்று கதைக்கும் எந்த ஆணைப் போலவும் கதைத்தான். கம்பீரம் போய்விட்டது என்று கூட்டத்தில் சொன்னேன். டொக்டர் சிரித்துவிட்டு, அப்படியென்றால் கணவனை நீங்களே வாசியுங்கள், இங்கே உங்களுடைய இங்கிலிஷுக்கு மேலே ஒருவருமில்லை என்றார். துறைமுக அலுவலகத்தில் வெளிநாட்டுக் கப்பல்களுக்குக் கடிதம் எழுதியே காலம் கழித்தவன் நான். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

மனைவியின் பகுதியை வாசிக்க இருந்தவர் கிண்ணியாவிலிருந்து வரும் ஓர் ஆசிரியை. வாசிப்பு நாளன்று, பிள்ளைக்குக் காய்ச்சல், வர ஏலாது என்று தகவல் அனுப்பிவிட்டார். டொக்டர் என் மனைவியைப் பார்த்தார். அவள் பெண்கள் பாடசாலையொன்றில் கணிதம் படிப்பிக்கிறாள். கூட்டம் முடிய ஒரு கலியாண வீட்டுக்குப் போக இருந்ததால் என்னோடு வந்து பின்வரிசையில் இருந்தாள். “அவ வாசிக்க மாட்டா டொக்டர், கூச்சம்” என்றேன். நான் சொல்லி முடிக்க முதல் அவள் எழுந்து வந்து பிரதியை வாங்கிக்கொண்டாள்.

நன்றாக வாசித்தாள். தடக்கவில்லை, அவசரப்படவில்லை. கணவன் வேலை செய்யும் அறைக்கு வெளியே நின்று அவனைக் கூப்பிடும் இடத்தில் அவள் குரலில் இருந்த குறும்பு எனக்குப் புதிது. இடையில் ஓரிடத்தில் ‘கொம்போட்டபிள்’ என்றாள். நான் பிரதியிலிருந்து தலையை நிமிர்த்தவுமில்லை. “கம்ஃப்டபிள், மை டியர்” என்றேன், வீட்டில் சொல்லும் அதே மெதுவான குரலில்.

அறை முழுக்கச் சிரித்தது. நாடகத்தில் உள்ள வரி என்று நினைத்துவிட்டார்கள். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, பிரதியில் அந்த வரியைத் தேடத் தொடங்கினார். என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு அந்த வசனத்தை முதலிலிருந்து வாசித்தாள். அந்தச் சொல் வந்ததும், ‘கொம்போட்டபிள்’ என்று தன் பாட்டில் சொல்லிவிட்டு மேலே போனாள். இம்முறை கைதட்டினார்கள்.

அவளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று கணவன் சிரித்துக்கொண்டே சொல்லும் இடங்களையெல்லாம் அதன் பிறகு நான் தலை குனிந்தபடி வாசித்து முடித்தேன். பழைய மொழிபெயர்ப்பென்றால் அந்தப் பெரிய பெரிய சொற்களுக்குப் பின்னால் மறைந்திருந்திருப்பேன். இதில் மறைய இடமிருக்கவில்லை.

தேநீர் நேரம் டொக்டர் என் தோளில் தட்டி, நடித்த மாதிரியே தெரியவில்லை என்று பாராட்டினார். முன்வரிசை ஆசிரியை பிரதியும் கையுமாக வந்தார்.

“தம்பி, அந்த உச்சரிப்பைத் திருத்திற வரி எந்தப் பக்கத்தில கிடக்கு? நானும் தேடுறன், காணேல்லை.”

“அது நானாச் சேர்த்தது, டீச்சர்” என்றேன்.

“பொருத்தமாத்தான் சேர்த்திருக்கிறீர்” என்றார் அவர்.

என் மனைவி பக்கத்தில்தான் தேநீர்க் கோப்பையோடு நின்றாள். அவளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

கலியாண வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது ஊருக்குள் திரியும் மான்கள் சில வீதியை மறித்து நின்றன. எஞ்சினை நிறுத்திக் காத்திருந்தோம். அப்போதுதான் பின்னாலிருந்து கேட்டாள்.

“நான் சொன்னது உங்களுக்கு விளங்கினதுதானே?”

“ஓம்.”

“அப்ப ஏன் திருத்தினனீங்கள்?”

“பழக்கத்தில வந்திட்டுது.”

“அந்தப் பழக்கத்துக்குப் பயந்துதான் உங்களுக்கு முன்னால நான் இங்கிலிஷ் கதைக்கிறேல்லை. நீங்கள் அதைக் கூச்சம் எண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறீங்கள்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கலியாணம் முடிந்த காலத்தில் அவள் எனக்கு ஆங்கிலத்தில் கடிதம்கூட எழுதிப் பகிடி பண்ணியவள். அது எப்போது நின்றது என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. நின்றதையே நான் கவனிக்கவில்லை. மான்கள் விலகிப் போன பிறகும் சற்று நேரம் எஞ்சினை இயக்காமல் இருந்தேன்.

சில வாரம் கழித்து, கிண்ணியாவில் மாணவர்களுக்காக அந்த நாடகத்தை மறுபடி வாசிக்க ஏற்பாடாயிற்று. முதல் வாசிப்புக்கு வர முடியாமல் போன கிண்ணியா ஆசிரியை என் மனைவியையே வாசிக்கச் சொல்லிவிட்டார். அவள் சம்மதித்தாள். “நீங்கள் வாசிக்க வேண்டாம்” என்று என்னிடம் சொன்னாள். நான் டொக்டருக்குப் போன் எடுத்து விலகிக்கொண்டேன். அந்த வரியை நான் யோசித்துச் சேர்க்கவில்லை, வாயில் தானாக வந்தது என்பதையும் சொன்னேன். “அப்பிடியோ” என்றார் அவர்.

கணவனின் பகுதியை, வங்கியில் வேலை செய்யும் ஓர் இளைஞர் வாசித்தார். நான் மண்டபத்தின் கடைசிக் கதிரையில் இருந்தேன். அவள் முதல் தடவையைவிட நன்றாக வாசித்தாள். முடிந்ததும் மாணவிகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். நாடகத்தில் வீட்டை விட்டுப் போகிறவள் பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போவது சரியா என்று ஒருத்தி ஆங்கிலத்தில் கேட்டாள். என் மனைவி கைகளை ஆட்டி ஆட்டி, சிரித்து, ஒரு மாணவியோடு வாதாடி, ஆங்கிலத்திலேயே விடை சொல்லிக்கொண்டிருந்தாள். நன்றாக இருந்தது என்று சொல்வதற்காக நான் கிட்டப் போனேன்.

என்னைக் கண்டாள். சொல்லிக்கொண்டிருந்த வசனத்தின் நடுவில் தமிழுக்கு மாறினாள்.

மாணவிகள் கவனித்தார்களோ தெரியாது. நான் வந்த வழியே திரும்பி, வாசலில் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.