விட்டுப்போன புள்ளிகள்

பாசி பிடித்த தொட்டித் தண்ணீரின் நிறத்தில் ஒரு திரை, சீப்பின் பற்களை நகத்தால் உரசினாற்போல் ஓயாத கீச்சிசை: என் பன்னிரண்டாம் வயதுக் கோடை விடுமுறை அவ்வளவுதான். சிங்கப்பூரிலிருந்து எங்கள் மயிலாப்பூர் வீட்டுக்கு வந்திருந்த பெரியப்பா மகன் முரளி, கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். குதித்துக் குதித்துச் சுட்டுக்கொண்டே போகும் பிரபல விளையாட்டின் "பார்ட் டூ". முதல் பாகத்தில் செத்த எதிரிகளையே சட்டை மாற்றி நிறுத்தியிருந்தார்கள். ஆனாலும் அதை நான் முடித்தாக வேண்டியிருந்தது. "உனக்கெல்லாம் வராதுடா, கோட்டை வாசலைக்கூடப் பாக்க மாட்டே" என்று முரளி சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் விமானம் ஏறிவிடுவான்.

அணைத்தால் அந்தக் கருவி எல்லாவற்றையும் மறந்துவிடும். விட்ட இடத்தைக் குறிக்க, ஐந்துக்கு ஐந்து கட்டங்களில் சிலவற்றில் மட்டும் புள்ளி வைத்துக் காட்டும். மறுமுறை அதே கட்டங்களில் புள்ளி வைத்தால் தொடரலாம். அதற்குப் பெயர் "பாஸ்வேர்டு". இரண்டு வாரம் போராடி எட்டு எதிரிகளையும் தீர்த்து, வெள்ளிக்கிழமை கோட்டை வாசலை அடைந்தபோது பேட்டரி மங்கியது. கைக்குக் கிடைத்த நோட்டின் காலிப் பக்கத்தில் அவசரமாகப் புள்ளிகளை வைத்தேன். அது சித்தியின் கோல நோட்டு.

மறுநாள் புதுப் பேட்டரியுடன் வந்து நோட்டைப் பிரித்தால், இருபத்தைந்து புள்ளிகளும் நிறைந்து, அவற்றைச் சுற்றி வளைந்து வளைந்து ஒரு சிக்குக் கோலம். எல்லாம் அதே நீல மை.

"யார்டா இது, புள்ளிகூட வைக்கத் தெரியாம? பாதி விட்டுப்போயிருந்தது, சரி பண்ணிட்டேன்" என்றாள் சித்தி, பாராட்டை எதிர்பார்த்து.

"கோலம் போடப் போடா, அதான் உனக்கு லாயக்கு" என்று சிரித்தான் முரளி. நினைவிலிருந்து பலவிதமாகப் புள்ளி வைத்துப் பார்த்தேன்; ஒவ்வொரு முறையும் தவறென்று கருவி உறுமியது. ஞாயிறன்று அது அவன் பையில் ஏறிப் போனது.

பிறகு இருபது வருடங்களுக்கு மேல் அலுவலகத்தில், திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் இல்லாவிட்டால் எந்தக் கோப்பானாலும் திருப்பி அனுப்பினேன். சிடுமூஞ்சி என்றார்கள். காரணத்தை யாருக்கும் சொன்னதில்லை. விருப்ப ஓய்வும் வாங்கியாயிற்று.

இன்று அதே விளையாட்டு கைப்பேசியில் கிடைக்கிறது. விட்ட இடத்தை அதுவே நினைவில் வைத்துக்கொள்கிறது. எழுதவும் வேண்டாம், யாரும் திருத்தவும் முடியாது. கோல நோட்டு பழைய பேப்பரோடு போய்விட்டது. ராஜா அண்ணாமலைபுரத்தில் சித்தியின் அடுக்ககக் கதவருகே இப்போது ஸ்டிக்கர் கோலம்தான். போன மாதம் அதன் ஓரம் உரிந்திருந்ததைக் காட்டி, "ஒரு புள்ளி விட்டுப்போச்சு, சித்தி" என்றேன்.

"போனா போறது. அதையெல்லாம் யாருடா எண்ணிண்டிருக்கா?" என்றாள்.