அக்காவின் முகமும் மூன்று மென்பொருளும்

வெள்ளி, காலை.

பஸ் லண்டன் விக்டோரியாவில் இறக்கிவிட்டது. 2009, ஒக்டோபர். பாரிசில் ஏறியது முதல்நாள் இரவு. டிக்கெட் நாற்பத்தைந்து யூரோ. கடலைக் கப்பலில் கடந்தோம். மேல்தட்டில் நின்று பார்த்தேன். கடலும் இல்லை, வானமும் இல்லை. எல்லாம் ஒரே சாம்பல். பக்கத்தில் நின்றவர் சிகரெட் பற்றவைத்தார். உலகத்தில் அந்த நெருப்பு மட்டும் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கப்பல் ஏறுமுன் குடிவரவு அதிகாரி என் கமரா முக்காலியைத் தட்டிப் பார்த்தார். இது எதற்கு என்றார். அக்காவைப் படம் எடுக்க என்றேன். ஒரு ஆளை எடுக்க இவ்வளவு சாமானா என்றார். என்னுடைய ஆங்கிலத்தில் அதற்குப் பதில் இல்லை. போ என்று கை காட்டினார்.

பதிலை இங்கே எழுதுகிறேன்.

லண்டனில் என் அக்காவும் அத்தானும் இருக்கிறார்கள். அத்தானுக்குக் கண் குறைந்து வருகிறது. மங்கிய இடத்தில் ஒன்றும் தெரியாது. பளிச்சென்ற இடத்தில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. இரண்டும் இல்லாத நடு வெளிச்சத்தில், கிட்டப் பிடித்தால், இன்னும் பார்ப்பார். அதுவும் எவ்வளவு காலத்துக்கு என்று டொக்டர் சொல்லவில்லை. போன மாதம் அத்தான் ரெலிபோனில் சொன்னார்:

“தம்பி, உன்ர அக்கான்ர முகத்தைக் கண்டு கனகாலம். யன்னலடியில இருக்கேக்க கரிக்கட்டை மாதிரித் தெரியுறா. குசினிக்க சமைக்கப் போனா அதுவும் இல்லை. சத்தம் மட்டும்தான் வருது. முழுக்க இருட்ட முதல் ஒருக்காப் பாக்கவேணும்.”

நான் பாரிசில் ஒரு உணவுக்கடையில் பாத்திரம் கழுவுகிறேன். லீவு நாளில் படம் எடுப்பேன். ஒரே இடத்தை மூன்று தரம் எடுத்து ஒன்றாகச் சேர்க்கப் பழகியிருந்தேன். ஒன்று யன்னல் வெளிச்சத்துக்கு. ஒன்று நடுவுக்கு. ஒன்று நிழலுக்கு. சேர்த்தால் யன்னலும் தெரியும், அதன் முன்னால் இருக்கிற ஆளும் தெரியும். சேர்க்கிற மென்பொருள் மூன்றை மடிக்கணினியில் போட்டுக்கொண்டு வந்தேன். எது நல்லது என்று எனக்குத் தெரியாது. அத்தானின் கண் சொல்ல வேண்டும்.

நிலக்கீழ் ரெயிலுக்குக் காசாகக் கொடுத்தால் நாலு பவுண். பாதி வழிவரை சுரங்கம். பிறகு ரெயில் மேலே ஏறுகிறது. வெயில் ஒரேயடியாக முகத்தில் அடித்தது. பெட்டியில் இருந்த எல்லோரும் கண்ணைச் சுருக்கினோம். கொஞ்சம் பொறுக்க எல்லோருடைய கண்ணும் பழகிவிட்டது. பேப்பர் வாசித்தவர் திரும்ப வாசித்தார். அத்தானுக்கு அந்தக் கொஞ்ச நேரம் முடிவதே இல்லை என்று நினைத்தேன்.

ஈஸ்ட் ஹாமில் இறங்கி மனோர் பார்க்குக்கு நடந்தேன். ஒரு மைலுக்குக் கொஞ்சம் கூட. நகைக்கடைகள் இன்னும் திறக்கவில்லை. மரக்கறிக் கடைக்காரர் முருங்கைக்காயை வெளியே அடுக்கிக்கொண்டிருந்தார். வெயில் எட்டாத பக்கத்துப் பனிப்புகைக்குள் அது பச்சையாக மிதந்தது.

அக்கா கதவைத் திறந்தா.

“டேய், பாரிசில சோறு தாறேல்லையோ? முக்காலி எது, நீ எது எண்டு தெரியேல்லை.”

உள்ளேயிருந்து அத்தான், “வந்திட்டானோ?” என்றார்.

“ஓம். ரெண்டு முக்காலி வந்திருக்கு.”

அக்கா அப்படித்தான். வாய் ஓயாது. ஆனால் அந்த வீட்டில் தொலைக்காட்சி போடுவதில்லை. எங்கள் தங்கச்சி வன்னியில் இருந்தவள். போர் முடிந்த மே மாதத்துக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. பேரை எடுத்தால் அக்கா தேத்தண்ணி போட எழும்பிவிடுவா. அத்தானும் கேட்பதை விட்டுவிட்டார். நானும் கேட்கவில்லை.

சனி, பின்னேரம்.

முன்னறையில் யன்னல் மேற்கைப் பார்த்தது. அதன் முன்னால் அக்காவின் கதிரை. எதிரில், ஹீற்றரோடு ஒட்டி அத்தானின் கதிரை. அங்கேயே அவவை எடுக்கச் சொன்னார் அத்தான். நாள் முழுக்க அவர் பார்க்கிற இடம் அதுதான். முக்காலியை அவருக்குப் பக்கத்தில் நட்டேன்.

“அசையக்கூடாது அக்கா. மூண்டு தரம் அடிக்கும்.”

“மூச்சு விடலாமோ? அதுக்கும் லைசன்ஸ் எடுக்கவேணுமோ?”

“கதைக்காதை.”

“கதைக்காட்டி நான் செத்துப்போனன் எண்டு உன்ர அத்தான் அம்புலன்சுக்கு அடிச்சிடுவார்.”

“அடிக்கமாட்டன்,” என்றார் அத்தான். “கொஞ்சம் நிம்மதியா இருப்பன்.”

அக்கா சிரித்தா. ஆறு தரம் எடுத்தேன். ஆறிலும் கை ஆட்டினா, தலை திருப்பினா. பிறகு அவவின் பகிடியும் தீர்ந்தது. வெயில் திரைச்சீலைக்குள்ளால் வந்து நிலத்தில் கிடந்தது. தூசி அதற்குள் மெல்ல ஏறி இறங்கியது. தெருவில் ஒரு கார்கூட இல்லை. மூன்று பேரும் ஏதோ தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் இருந்தோம். கமராவின் பின்னால் நின்ற எனக்கும் அக்கா ஒரு நிழல்தான். பொத்தானை அமத்தினேன். மூன்று தரம் அடித்தது.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துச் சேர்க்கத் தொடங்கினேன்.

முதலாவது, எல்லோரும் பேர் சொல்கிற பெரிய மென்பொருள். முப்பது நாள் சும்மா பாவிக்கலாம். பிழை விடவில்லை. மூன்றையும் பொருத்தமாக ஒன்றின்மேல் ஒன்று வைத்தது. ஆனால் வெயிலை எடுத்துவிட்டது. முழுப் படமும் மப்பு மூடிய நாள்போல் மெத்தென்று வந்தது. அக்காவின் முகம் வழுவழுப்பாக இருந்தது.

இரண்டாவது முற்றாக இலவசம். ஒரு படத்தை அது சேர்த்து முடிப்பதற்குள் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கலாம். அக்கா மூச்சு விட்ட அளவைக்கூட அது மன்னிக்கவில்லை. காதுக்குப் பக்கத்தில் இன்னொரு காது.

மூன்றாவது இந்த வேலைக்கு மட்டும் செய்தது. காசு கட்டும்வரை படத்தின்மேல் தன் பேரை எழுதிவிடும். பேர் திரைச்சீலையிலும் சட்டையிலும் விழுந்தது, முகம் தப்பியது. அதில் பெலன் என்று, கூட்டிக் குறைக்க இழுக்கிற ஒரு கோடு இருக்கிறது. இழுக்க இழுக்க நிழலுக்குள் இருந்ததெல்லாம் எழும்பி வந்தது. நூல் நூலாகச் சட்டை. தலையைச் சுற்றி வெள்ளை வட்டம். படம் தெரிந்தவர்கள் இதைப் பார்த்தால் கூடிப்போச்சு என்பார்கள். முகமும் வந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்து வீங்கியிருந்தது. வாயின் இரண்டு ஓரமும் கீழே இறங்கியிருந்தது. பகிடி விடுகிற ஆளின் முகம் அல்ல அது.

அக்கா பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

“இதை அழி,” என்றா.

“ஏன்?”

“முதல் சேர்த்ததைக் குடு அவருக்கு. அது வடிவாக் கிடக்கு.”

அந்த ஒரு தரம் குரலில் பகிடி இல்லை.

ஞாயிறு.

ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் படம் அடிக்கிற கடைக்குப் போனேன். பெரிய தாளில் ஒன்று மூன்று பவுண். நடந்து போகும் வழியெல்லாம் அக்கா சொன்ன முதலாவதை மட்டும்தான் அடிப்பது என்று நினைத்தேன். கடையில் மூன்றையும் கொடுத்தேன். அத்தான் அக்காவின் முகத்தைப் பார்க்கவென்றுதானே கூப்பிட்டவர்.

கடைக்காரர் மூன்றாவது தாளைத் தூக்கிப் பிடித்தார்.

“அண்ணை, இது ஆர் அம்மன்? தலைக்குப் பின்னால வட்டமெல்லாம் சுத்துது.”

“என்ர அக்கா.”

“ஓ. கும்பிட்டிடப் பாத்தன்.”

மத்தியானம் சாப்பிட்ட பிறகு திரைச்சீலையைப் பாதி மூடி நடு வெளிச்சம் ஆக்கினேன். அக்கா தன் கதிரையில். நான் தாள்களை அத்தானின் மடியில் வைத்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியாது. யன்னல் அவவுக்குப் பின்னால் இருந்தது.

அத்தான் முதலாவதை மூக்கோடு பிடித்தார். “மழைக்கால றோட்டு மாதிரிக் கிடக்கு. ஆரோ இருக்கினம், அவ்வளவுதான்.”

இரண்டாவது. “ரெண்டு பேரோ இதில?”

“ஒண்டையே சமாளிக்க ஏலாது, இதில ரெண்டு கேக்குதோ?” என்றா அக்கா.

மூன்றாவது. தாளைச் சாய்த்தார், நிமிர்த்தினார், கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். விரலால் அந்தக் கண்ணுக்குக் கீழே தடவினார்.

“இந்த முகத்தோடதான் இவ்வளவு நாளும் எனக்குப் பகிடி விட்டனீரோ?”

“வயது போனா முகம் அப்பிடித்தானப்பா. இந்தக் கொம்பியூட்டர் கூட்டிக் காட்டுது.”

“கூட்டட்டும். வயதெண்டா எனக்குத் தெரியும்.”

அக்கா எழும்பப் பார்த்தா. “தேத்தண்ணி போடுறன்.”

“வேண்டாம். நீர் இந்தக் கதிரையில வந்து இரும். நான் அதில இருக்கிறன்.”

“அங்க ஹீற்றர் இல்லை. உங்களுக்குக் குளிரும்.”

“குளிரட்டும்.”

“எனக்கு வெயில் கண்ணுக்க குத்தும்.”

“குத்தட்டும். முகத்தில வெளிச்சம் விழும்.”

மேசை விளிம்பைத் தடவிக்கொண்டு அவர் எழும்பி நடந்தார். அக்கா அவருக்கு வழி விட்டு ஒதுங்கினா. பிறகு வந்து இருந்தா. மேற்கு வெயில் நெற்றியிலிருந்து மெல்ல இறங்கிக் கன்னத்துக்கு வந்தது. அத்தான் யன்னலுக்கு முதுகு காட்டி, கதிரையை இழுத்து, முழங்கால் முட்டும் அளவுக்குக் கிட்டக் குனிந்தார். தாள் மூன்றும் நிலத்தில் விழுந்தன. ஒருவரும் எடுக்கவில்லை.

“இப்ப தங்கச்சியைப் பற்றிச் சொல்லும்,” என்றார்.

அக்கா அவர் முகத்தைப் பார்த்தா. கண்ணைச் சுருக்கவில்லை. வெயில் நேரே அடித்துக்கொண்டிருந்தது.

“கடைசியா அவள் ரெலிபோன் எடுக்கேக்க நான் சந்தையில நிண்டனான்…”

எனக்குப் பின்னேர பஸ். பையையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு கதவை மெல்லச் சாத்தினேன். வாறன் என்று சொல்லாமல் ஒரு வீட்டைவிட்டு வெளிக்கிட்டது அதுதான் முதல் தரம்.

கப்பலில் மேல்தட்டுக்குப் போகவில்லை. மூன்று மென்பொருளில் எது நல்லது என்று கேட்டால் மூன்றாவது என்பேன். வீட்டில் மாட்டுகிற படத்துக்கு முதலாவது. இரண்டாவதைக் கல்லையும் கட்டடத்தையும் எடுப்பவர்கள் பாவிக்கலாம்.

அக்கா சொல்லத் தொடங்கியதை நான் நின்று கேட்கவில்லை. காணாமல் போனவள் எனக்கும் தங்கச்சி.

பாரிசில் என் அறைக்கு ஒரு யன்னல். அது முற்றத்துச் சுவரைப் பார்க்கிறது. காலையிலிருந்து பொழுதுபடும்வரை ஒரே வெளிச்சம். கூடாது, குறையாது. அத்தானின் கண்ணுக்கு நல்ல அறை. என் முகத்தைப் பார்க்கத்தான் அங்கே ஒருவரும் இல்லை.