தவளைப் படம் காணாமல் போன மறுநாள்

எங்கள் கிரிப்டோ கம்பெனியில் ஆளை வேலையைவிட்டுத் தூக்கினால் யாரும் வாயால் சொல்வதில்லை. சாட்டில் அவர் படம் மறைந்துவிடும், அவ்வளவுதான்.

நேற்று தவளைப் படம் போனது. தினமும் நான் எழுதும் புரோகிராமில் தப்பு கண்டுபிடித்த மனிதர். எங்கள் கம்பெனியில் படம்தான் ஆள்; பெயரும் தெரியாது, முகமும் தெரியாது.

இன்று காலை, திருத்தணி வீட்டில் உட்கார்ந்து பதில் டைப் செய்துகொண்டிருக்கும்போதே சாட் என்னை வெளியே தள்ளியது. மறுபடி முயன்றேன். ஊஹூம். ஃபோனில் ஆபீஸ் சாட் வைக்க எங்களுக்கு அனுமதி இல்லை. யாரைக் கேட்பது?

ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு வாசலுக்கு வந்தேன். பக்கத்து வீட்டில் பவர்லூம் ஓட்டும் குமாரி அக்கா படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, மொகமே சரியில்ல?"

"வேல போயிட்ச்சுன்னு நெனைக்கிறேன்க்கா. ஆபீஸ் சாட் உள்ளயே உட மாட்டேங்குது."

"கரண்ட் போயி எவ்ளோ நேரமாவுது! தறிச் சத்தம் நின்னதுகூடவா தெரில? கரண்ட் வர்ற வரைக்கும் எங்களுக்கும் வேல இல்லதான்."

தறி மட்டுமா, என் தலைக்கு மேல் ஃபேன் நின்றதுகூடத் தெரியவில்லை. லேப்டாப் பேட்டரியில் ஓடியிருக்கிறது, மோடம்தான் அணைந்திருக்கிறது. இருவரும் சிரித்தோம்.

கரண்ட் வந்தது. அக்கா பூண்டை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினார். தெரு முழுக்கத் தறிகள் ஓட ஆரம்பித்துவிட்டன.

நான் இன்னும் வாசலில்தான் நின்று இதை ஃபோனில் டைப் செய்கிறேன்.

சாட்டைத் திறந்து பார்க்க யாராவது துணைக்கு வருகிறீர்களா?