வேலிகாத்தானை வெட்டாத வருஷம்

உயிரினங்களைக் காப்பாற்றுகிற வேலையில் பாதி நேரம், இந்த வருஷம் எதைக் காப்பாற்ற முடியாது என்று முடிவு செய்வதிலேயே போய்விடும். கைநிறைய வேலையும் கையளவு நிதியும் வைத்துக்கொண்டு முழித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எது முதலில்?

தொண்ணூறுகளின் கடைசியில், விலங்கியல் பட்டத்தோடு ஆரணியில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் தறியில் உட்காராமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் எதற்கும் பயம். ஊருக்கு வெளியே இருந்த ஏரிக்கு மூன்று தொல்லைகள்: பட்டுக்குச் சாயம் போடும் பட்டறைகளின் கழிவுநீர், தண்ணீரை மூடிய ஆகாயத்தாமரை, கரையெல்லாம் வேலிகாத்தான் முள்மரம். எதை விட்டாலும் தப்பாகிவிடுமோ என்று மூன்றையுமே முதலிடத்தில் எழுதிக் கொண்டுபோனேன். செயலாளர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"மூணு பேருக்கும் ஃபர்ஸ்ட் பிரைஸ் குடுத்தா எப்படிப்பா? இருக்கிறது ஒரு கப்புதான்."

அமாவாசை

சாயநீர்தான் பெரிய கெடுதல். ஆனால் எங்கள் நிதி முழுவதையும் கொட்டினாலும் அதைத் திருப்பிவிடும் கால்வாயில் பாதிகூட வராது. வேலிகாத்தானை மெஷின் விட்டுச் சீக்கிரம் பிடுங்கிவிடலாம். அதையே முதலில் வைத்தேன், மெஷினுக்கும் சொல்லியாயிற்று. கரையை நான் சுற்றிப் பார்த்தது கோடையில். மெஷின் வரவிருந்தது மார்கழியில்.

அமாவாசையன்று எங்கள் ஊரில் தறி ஓடாது. சாயக் கொப்பரை அடுப்பும் எரியாது. அந்த ஓய்வில் பட்டறைக்கார ஏகாம்பரம் அண்ணன் அடுப்புக்கு விறகு பார்க்கக் கரைக்கு வந்திருந்தார். மறுநாள் மெஷின் வருவதை அவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் சட்டையில் சொத்தென்று எச்சம் விழுந்தது. நிமிர்ந்தேன். முள்ளுக்குள்ளே கூடு கூடாகக் கொக்குக் குஞ்சுகள், வாயைப் பிளந்தபடி. இன்னும் இறகுகூட சரியாக முளைக்கவில்லை. அண்ணன் என் தோளைப் பார்த்தார்.

"காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் குடுக்க வந்தவன் மேலயே சீல் குத்திட்டாங்க தம்பி."

செயலாளர் மேஜை முன்னால்

எதிர்க்கரையையும் இந்த முறை ஒழுங்காகப் பார்த்தேன். அங்கே கூடு இல்லை. வேலை போய்விடும் என்ற பயத்தோடுதான் சைக்கிளை மிதித்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் செயலாளர் போனை எடுத்து மெஷினை நிறுத்திவிட்டார். மெஷின் நின்றாலும் விறகு வெட்டுகிறவர்கள் வருவார்களே என்றேன். அந்த விறகில் பெரும்பகுதி போவது சாயப்பட்டறைகளுக்குத்தான். குஞ்சுகள் பறக்கும்வரை அவர்கள் எதிர்க்கரை விறகை மட்டும் வாங்கினால் போதும் என்றும் சொன்னேன். என்ன செலவாகும் என்று கேட்டார். டீ செலவு என்றேன்.

"அப்ப இதுக்குத்தான்ப்பா கப்பு. சீக்கிரம் போ, டீக்கடையில இருக்கிற பட்டறைக்காரங்க எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போயிடப் போறாங்க."

டீக்கடை

அமாவாசை என்பதால் பட்டறைக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். கொக்குக்கு வக்கீலா என்று கிண்டல். எதிர்க்கரை சுற்றுவழி, பேஜார் என்று ஒருவர் முணுமுணுத்தார். ஏகாம்பரம் அண்ணன் மட்டும், சாயத் தண்ணியைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை என்று கேட்டார். ஏரிக்கு அதுதான் பெரிய கெடுதல், அதைச் சரிசெய்ய இப்போது எங்களுக்கு வசதியில்லை, வசதி வந்தால் முதலில் உங்களிடம்தான் வருவேன் என்று உள்ளதைச் சொன்னேன். அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"டீயும் வாங்கிக் குடுத்துகினு, தப்பு உங்க மேலதான்னும் சொல்ற. சரி தம்பி, குஞ்சு பறக்கற வரைக்கும் அந்தக் கரை கட்டை எங்களுக்கு வாணாம்."

மாசியில் குஞ்சுகள் பறந்தன, மிச்சமான நிதியில் ஆகாயத்தாமரையை அள்ளினோம்; ஏரிக்கு அதிகக் கெடுதல் செய்தவர்களுக்கே அதிக நன்றி சொல்ல வேண்டியிருக்கிற தொழில் இது.