குளிக்க இருபது ரூபாய்

சனிப்பெயர்ச்சி என்றால் சனி பகவான் ஒருவர்தான் இடம் மாறுகிறார் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் திருநள்ளாற்றில் ஊரே இடம் மாறும். கடைத்தெரு நடுரோட்டுக்கு வந்துவிடும், பஸ் ஸ்டாண்டு வயல்பக்கம் போய்விடும், போலீஸ்காரர்கள் எங்கள் பள்ளிக்கூடத்தில் வந்து தங்குவார்கள், நாங்கள் லீவு கிடைத்த சந்தோஷத்தில் தெருவில் தங்குவோம். நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது வந்த பெயர்ச்சிக்கு எங்கள் குடும்பமும் இடம் மாறியது. வீட்டிலிருந்து மாட்டுக் கொட்டகைக்கு.

காரணம் அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. எங்கள் தெருவிலேயே இன்ஜினியரிங் படிக்கப் போன முதல் பெண், அதுவும் கரண்ட் சம்பந்தப்பட்ட படிப்பு. தாத்தா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் அவளைப் படிக்க வைக்கிற பொறுப்பு அப்பா தலையில் விழுந்தது. அப்பா அதைத் தலைப்பாகை மாதிரி ஜம்மென்று கட்டிக்கொண்டு திரிந்தார். டீக்கடையில் யார் எதைப் பேசினாலும் அரை நிமிஷத்தில் பேச்சை "எங்க தங்கச்சி காலேஜுல" என்று திருப்பிவிடுவார். இன்றைக்கு மழை வருமா என்று கேட்டால்கூட அப்படித்தான்.

முதல் இரண்டு வருஷப் பீஸை எப்படியோ கட்டிவிட்டார். மூன்றாம் வருஷம் மாட்டிக்கொண்டது. குறுவையை மழை கொண்டுபோயிற்று, சம்பா பச்சையாக வயலில் நின்றது, அம்மாவின் நகையெல்லாம் அடகுக்கடைக்குப் போய் அங்கேயே குடியேறிவிட்டது. பீஸ் கட்டினால்தான் பரீட்சை எழுத முடியும். பரீட்சையோ பெயர்ச்சி முடிந்த கையோடு வருகிறது.

அந்த நேரம் பார்த்துத்தான் மில் தாத்தா வந்தார். அப்பாவின் தாய்மாமா அவர். வரிச்சிக்குடியில் அரிசி மில் வைத்திருந்ததால் எனக்கு மில் தாத்தா. வந்து உட்கார்ந்து, காபியைக் குடித்து முடித்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"பாப்பா படிப்புக்கு எவ்வளவு ஆனாலும் நான் கட்டறேன் மாப்ள. பொண்ணை என் பையனுக்குக் குடுத்துடு. முறைப்பொண்ணு, வெளியில போவானேன்?"

கல்யாணத்துக்கு அப்புறமும் படிக்கட்டுமே, யார் வேண்டாம் என்றது என்று வேறு சேர்த்துக்கொண்டார். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பவே பிடித்துவிட்டது. அவர் மகன் நல்ல மனிதர், வரும்போதெல்லாம் எனக்குத் தேன்மிட்டாய் வாங்கி வருகிறவர். கல்யாணம் வந்தால் புதுப் பாவாடை வரும், அத்தையும் பக்கத்து ஊரிலேயே இருப்பாள். இதற்குப் போய் ஏன் எல்லோரும் இடி விழுந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள்? அத்தை கொல்லைப்புறம் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்துகொண்டு, "அங்க போயிட்டா என்னை யாரு அண்ணி காலேஜுக்கு அனுப்புவாங்க? எப்படியாச்சும் இந்தப் படிப்ப முடிச்சிடறேன்" என்று அம்மாவிடம் அழுதாள். மில்லுக்கு எதிரிலேயே பஸ் நிற்கிறதே, இவளுக்கு என்ன கவலை என்று நான் நினைத்தேன்.

அப்பாவுக்கு யார் முகத்துக்கும் நேரே மாட்டேன் என்று சொல்ல வராது. அதிலும் மில் தாத்தாவிடம்! தாத்தா போன பிறகு எங்கள் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் அவர். அவர் எதிரில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை. "பார்க்கலாம் மாமா", "ஆகட்டும் மாமா" என்று இழுத்தார். "பெயர்ச்சிக்கு வருவேன்ல, அன்னிக்கு முடிச்சிடுவோம்" என்று சொல்லிவிட்டு மில் தாத்தா காரில் ஏறிவிட்டார்.

வழி கண்டுபிடித்தது அம்மா. பெயர்ச்சிக்கு வருகிற கூட்டத்துக்கு ஊரில் லாட்ஜு காணாது. கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் வீட்டை வாடகைக்கு விடுவார்கள். "ஏங்க, நமக்கு மட்டும் என்ன குறைச்சல்? மூணு ரூம் இருக்கு, போர்த் தண்ணி இருக்கு. நாம நாலு நாளைக்குக் கொட்டகையில படுத்தா தேஞ்சா போயிடுவோம்?" என்றாள். அப்பா பதறிப்போனார். சாமி கும்பிட வந்தவர்களிடம் தங்குவதற்கும் குளிப்பதற்கும் காசு வாங்குவதா, மானம் போய்விடாதா என்று குதித்தார். "உங்க தங்கச்சி படிப்பு பாதியில நின்னா மானம் வந்துடுமா?" என்று அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அப்பா எழுந்து போய் கொட்டகையைக் கூட்ட ஆரம்பித்துவிட்டார்.

அறைகளை ஈரோட்டிலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பம் எடுத்துக்கொண்டது. ஆனால் அசல் வருமானம் குளியலில்தான் என்று அத்தை சொன்னாள். எண்ணெய் தேய்த்து நளதீர்த்தத்தில் முழுகிவிட்டு வருகிறவர்களுக்கு, அந்த நெரிசலுக்குப் பிறகு நல்ல தண்ணீரில் இன்னொரு குளியல் போட்டால் தேவலை என்றிருக்கும். அத்தை பிளாஸ்டிக் குழாய் வாங்கி வந்து, வரிசையாக ஓட்டை போட்டு, மாடித் தொட்டியிலிருந்து இறக்கி, கொல்லையில் ஒரே நேரத்தில் பத்துப் பேர் நிற்கிற மாதிரி அமைத்தாள். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், நடுவில் கீற்று மறைப்பு. வெந்நீருக்குத் தனியாக ஹீட்டர், அதற்குத் தனியாக ஒயர், எர்த்து. ஷாக் அடிக்காதில்ல என்று அப்பா பத்துத் தடவை கேட்டார். பிறகு முதல் ஆளாக வேட்டியோடு குழாயடியில் போய் நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, "இன்ஜினியர் வேலைன்னா இன்ஜினியர் வேலைதான்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். எனக்கு அப்பாவைப் பார்த்தால் சிரிப்பு வந்தது, அத்தையைப் பார்த்தால் அப்படி ஒரு பெருமையாக இருந்தது.

என்னைக் கல்லாவில் போட்டார்கள். ஒரு முக்காலி, ஒரு பிளாஸ்டிக் டப்பா, பக்கத்தில் அத்தை சாக்பீஸால் எழுதிய பலகை. குளிக்க இருபது ரூபாய், வெந்நீர் முப்பது. முதல் நாள் எங்கள் பக்கத்துத் தெரு முழுக்க "நம்ம வீடுதானே" என்று ஓசியில் குளித்துவிட்டுப் போயிருந்ததால், அம்மா எனக்குச் சட்டம் போட்டிருந்தாள். யாராக இருந்தாலும் காசு வாங்காமல் உள்ளே விடக்கூடாது. தெரிந்தவர், சொந்தக்காரர், எவரானாலும் சரி. எனக்கு அதிகாரம் கொடுத்தால் கேட்க வேண்டுமா? எங்கள் ஹெட்மாஸ்டரிடமே வாங்கினேன். ஈரோட்டுப் பெரியவர் என்னை மேனேஜரம்மா என்றுதான் கூப்பிட்டார்.

பெயர்ச்சி அன்று காலையில் மில் தாத்தா வந்தார். தீர்த்தத்தில் ஒப்புக்கு ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, எண்ணெயும் ஈரமுமாக, கையில் ஒரு பெரிய ஜவுளிக்கடைப் பையோடு. ஒவ்வொரு பெயர்ச்சிக்கும் எங்கள் வீட்டில்தான் குளிப்பார், அம்மா வெந்நீர் விளாவி வைத்திருப்பாள். கூடத்தில் யார் யாரோ உட்கார்ந்து இட்லி சாப்பிடுவதைப் பார்த்தார். கொட்டகையில் எங்கள் பாயும் தலையணையும் கிடப்பதைப் பார்த்தார். கொல்லைக்கு வந்தார். வரிசையில் நின்றவர்களைத் தாண்டி நேரே உள்ளே போகப் பார்த்தவரை நான் கையை நீட்டி மறித்தேன்.

"தாத்தா, இருபது ரூபா. வெந்நீர்னா முப்பது."

வரிசை சிரித்தது. "மேனேஜரம்மா ரொம்பக் கறாருங்க" என்றார் ஈரோட்டுப் பெரியவர். மில் தாத்தா சிரிக்கவில்லை.

"என்கிட்டயா கேக்கற?"

"யாரா இருந்தாலும்" என்றேன். பாவம், விவரம் தெரியாமல் கேட்கிறார் என்று இரக்கப்பட்டு, "அத்தை காலேஜு பீஸுக்கு தாத்தா" என்று விளக்கமும் சொன்னேன்.

அப்பா வாளியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. குழாயைத் திருகிக்கொண்டிருந்த அத்தை திரும்பவே இல்லை.

"நான்தான் கட்டறேன்னேனே மாப்ள?" என்றார் மில் தாத்தா. குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அதுக்கா வீட்டைச் சத்திரமாக்கி வச்சிருக்க? முதல்ல இந்தக் குட்டிய எழுந்திரிக்கச் சொல்லு."

நான் முக்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். முதுகில் ஒன்று விழும் என்று நினைத்தேன்.

"நீ உக்காரு பாப்பா" என்றார் அப்பா. பிறகு மில் தாத்தாவை நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவே நிமிர்ந்து. "இருபது ரூபாய அவகிட்ட குடுத்துடுங்க மாமா."

மில் தாத்தா பையைத் துழாவி ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்து என் டப்பாவில் போட்டார். "மீதிய நீயே வச்சுக்க" என்றார். ஆகா என்றிருந்தது எனக்கு. "வேணாம். மீதியக் குடு பாப்பா" என்றார் அப்பா. எனக்கு வருத்தம்தான், ஆனால் கல்லாவில் உட்கார்ந்தால் முதலாளி சொல்கிறபடிதானே கேட்க வேண்டும்? பத்து ரூபாய் நோட்டுகளாக எண்ணி அவர் கையில் வைத்தேன். வாங்கிக்கொண்டார்.

அவர் நிதானமாகக் குளித்தார். துவட்டிக்கொண்டு வெளியே வந்தவர், "யாரு போட்ட பைப்பு இது?" என்றார். அத்தை என்றேன். அத்தையை ஒரு தரம் பார்த்தார், "தண்ணி நல்லா விழுது" என்றார், பையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். பைக்குள் ஆப்பிள் இருந்தது, மல்லிகைப்பூப் பொட்டலம் இருந்தது, அரக்குப் பட்டுப் புடவை ஒன்று எட்டிப் பார்த்தது. சாமிக்காக்கும் என்று நினைத்தேன். இத்தனை ஆப்பிளையும் சனி பகவானே சாப்பிடுவாரா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

அவர் தலை மறைந்ததும் அத்தை ஓடி வந்து என்னைத் தூக்கிக்கொண்டாள். முகமெல்லாம் ஈரம். சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை. இருபது ரூபாய்க்கு இந்தப் பாடா என்று நினைத்தேன். அப்பா என் முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். விடிந்ததிலிருந்து தண்ணீர் சுமந்த களைப்பு என்று நான் விசிறிவிட்டேன்.

கூட்டம் வடிந்த பிறகு அப்பா பீஸ் கட்டப் போனார். நானும் அழுது அடம்பிடித்துக் கூடப் போனேன். எல்லாம் பத்தும் இருபதுமான நோட்டுகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. காசாளர் எண்ணி எண்ணி விரலைத் துடைத்தார். "என்னங்க இது, நோட்டெல்லாம் ஒரே எண்ணெயா இருக்கு?" என்று கேட்டார். வேறொரு நாளாக இருந்தால் அப்பா கூனிக் குறுகியிருப்பார். அன்றைக்கு மார்பை நிமிர்த்திக்கொண்டு, "எங்க வீட்ல குளிச்சவங்க குடுத்தது சார். பைப்பு எங்க தங்கச்சி போட்டது" என்று ஆரம்பித்து, தொட்டி எவ்வளவு உயரம், ஹீட்டருக்கு எப்படி ஒயர் இழுத்தாள் என்பது வரை சொல்லிவிட்டுத்தான் ரசீதை வாங்கினார். பின்னால் நின்றவர்கள் என்ன நினைத்தார்களோ, அதைப் பற்றி அவருக்கு என்ன?

அத்தை இப்போது ஒரு மின் நிலையத்தில் பொறியாளர். எங்கள் தெருவில் கரண்ட் போனால் எங்கேயோ இருக்கிற அவளுக்குத்தான் அப்பா முதலில் போன் போடுகிறார். வேலைக்குப் போன பிறகு, அவளுக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். மில் தாத்தா அடுத்த பெயர்ச்சிக்கு வரவில்லை. அதற்கடுத்த முறை வந்தார், ஆப்பிளோடு. மில் மோட்டார் கொஞ்சம் முனகினாலும் இன்றைக்கு அவரும் அத்தைக்குத்தான் போன் செய்கிறார், "பாப்பா, சத்தம் ஒரு தினுசா இருக்கே" என்று.

எனக்குக் காலேஜு பார்க்கும்போதுதான் அம்மா அந்தப் பையைப் பற்றிச் சொன்னாள். அத்தைக்குப் பூ வைத்து, புடவை கொடுத்து, அன்றைக்கே நிச்சயம் பண்ணிவிடுவது என்று வந்திருக்கிறார் மில் தாத்தா. வாரக்கணக்கில் அப்பா ராத்திரி தூங்காமல் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று புரண்டுகொண்டிருந்திருக்கிறார். கடைசியில் அவருக்கு வாய்த்த பதில் இருபது ரூபாய். மில் தாத்தாவுக்கும் அது புரிந்துதான் காசைக் கொடுத்துவிட்டுக் குளித்திருக்கிறார். என் கண் முன்னால்தான் இரண்டு பேரும் அத்தையின் வாழ்க்கையைப் பேசி முடித்தார்கள். நான் நடுவில் உட்கார்ந்து, விரலில் எச்சில் தொட்டு, மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தேன்.